சுவரில் தொங்கும் செவ்வாய்

கோவளத்தில், கடல் இரைச்சல் காதில் விழும் தொலைவில் எங்கள் வீடு. கூடத்துச் சுவரில், முன்பு நாட்காட்டி தொங்கிய ஆணியில், சென்ற திங்கள் ஒரு படத்தை மாட்டினேன். மூன்று கால்களில் நடக்கும் பொறிகள், அவை கக்கும் தீ, எரியும் நிலம். அடுத்த வீட்டுப் பெரியவர் வந்தார், பார்த்தார், "இது என்ன பூதம்?" என்றார். "பூதமல்ல ஐயா, செவ்வாயிலிருந்து வந்த படை!" என்றேன். அவர் முகம் சுருங்கிற்று. படத்தைக் கண்டு அஞ்சாதவர், பெயரைக் கேட்டு அஞ்சினார்!

அமெரிக்காவில் 1927 ஆகஸ்டில் வெளிவந்த 'அமேசிங் ஸ்டோரிஸ்' என்னும் ஏட்டின் அட்டைக்காக, பிராங்க் ஆர். பால் தீட்டிய ஓவியம் அது. எச். ஜி. வெல்ஸ் 1898-இல் நூலாக வெளியிட்ட, செவ்வாய்வாசிகளின் படையெடுப்புக் கதைக்கு எழுந்த படம். ஆஸ்திரியாவில் பிறந்த பால், கட்டடக்கலை பயின்றவர். ஏட்டின் விலை 25 சென்ட். மலிவுத் தாள், மலிவு அச்சு. படித்தார்கள், எறிந்தார்கள். அட்டைக்கு எழுதிய படம்தானே என்று, அத்தகைய ஓவியங்களின் மூலங்கள் பலவற்றையும் பேணாது விட்டார்கள், அழிந்தவை ஏராளம்.

கூலிக்குத் தீட்டியது கலையாகுமா என்று கேட்போர் உண்டு. அவர்களை எங்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே ஈஞ்சம்பாக்கத்துக்கு அழைக்கிறேன். 1966-இல் கே. சி. எஸ். பணிக்கரும் தோழர்களும் அங்கே சோழமண்டலம் ஓவியர் சிற்றூரை அமைத்தனர். துணியில் பத்திக் வேலை செய்து விற்றனர். அந்த வருவாயில் வாழ்ந்துகொண்டே ஓவியம் வளர்த்தனர். சோறு தேடிய கை, கலை தேடக் கூடாதா என்ன?

இன்று அந்தப் பழைய அட்டைகள் புதுவாழ்வு பெறுகின்றன. மூல ஓவியத்தையோ, பழுதற்ற படியையோ நுண்ணிய கருவியால் படமெடுத்து, எளிதில் மங்காத நிறமி மையைத் துளித்துளியாகத் தெளித்து, அமிலமற்ற பருத்தித் தாளில் அச்சிடுகிறார்கள். எறிந்த பொருள், ஏந்தும் பொருளாயிற்று! ஒருவர் மாளிகையில் ஒடுங்க வேண்டிய ஓவியத்தை ஊரார் சுவருக்கெல்லாம் கொண்டுவருவது அச்சுக்கலையின் அருங்கொடை. 1894-இல் பம்பாயில் அச்சகம் நிறுவிய இரவிவர்மா செய்ததும் அதுவே. அவர் அச்சகம் தெய்வங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தது; என் அச்சுப்படி ஒரு கோளைக் கொண்டுவந்திருக்கிறது.

ஏன் அந்தக் கோள்? அதைச் சொல்லத்தான் இத்தனையும் எழுதினேன்.

1974. நான் கல்லூரி மாணவன். சென்னை மூர் மார்க்கெட்டில் வாங்கிய கிழிந்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றில், இதே அட்டைப்படத்தை உள்ளங்கை அளவில் கண்டு சொக்கிப்போனேன். அதே ஆண்டு, என் அக்காவின் சாதகத்தைப் புரட்டிய சோதிடர், "எட்டில் செவ்வாய், வரும் கணவனுக்கு ஆகாது" என்றார். மூன்று இடங்கள் வந்தன, மூன்றும் திரும்பின. பின்னர் வருவாரும் இல்லை. அக்கா கணக்கில் முதல் மாணவி. ஆசிரியையானாள், ஊர்ப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொன்னாள், ஓய்வும் பெற்றாள். மணம் வேண்டாமென அவளே சொல்லியிருந்தால், அது அவள் உரிமை. ஆனால், அவளைக் கேட்டவர் யார்?

நான் கேட்டேனா? இல்லை, தோழர்களே! மாலையில் மேடையேறி மூடநம்பிக்கையைச் சாடினேன். இரவில் வீடு திரும்பி, அப்பா முன் வாய்மூடி நின்றேன். ஊருக்குச் சிங்கம், வீட்டுக்கு ஊமை. அந்தக் குற்றம் சோதிடருடையது மட்டுமல்ல, என்னுடையதும்தான்.

வெல்சும் பாலும் செவ்வாயைக் காட்டி அச்சுறுத்தினர். ஆனால், கதையைக் கதையென்று சொல்லியே விற்றனர். படித்தவன் புத்தகத்தை மூடினால் அச்சம் தீர்ந்தது. சாதகமும் கற்பனைதான், ஆனால், அதைக் கற்பனையென்று ஒப்புக்கொள்ளவில்லை. அதனால்தான் மூடிய பின்னும் அது ஒரு பெண்ணின் ஐம்பது ஆண்டுகளைத் தின்றது.

செவ்வாயின் சிவப்பு, சினமன்று, இரும்புத் துரு! பூமியில் ஏறத்தாழப் பாதி விட்டமே உடையது. கதிரவனைச் சுற்றிவர அதற்கு 687 நாட்கள் வேண்டும். 1976-இல் வைக்கிங் அங்கே இறங்கியது. படை எதுவும் எதிர்கொள்ளவில்லை. பாறையும் புழுதியுமே இருந்தன. 2013 நவம்பர் 5 அன்று, இதே வங்கக் கடலோரம், வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட மங்கள்யான், 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்தது. அதன் திட்ட இயக்குநர் சுப்பையா அருணன், நம் தமிழர். கட்டத்தை எண்ணிக்கொண்டிருந்தோர் இங்கே இருக்க, கணக்கை எண்ணியோர் அங்கே எட்டினர்!

சென்ற திங்கள் என் மகளுக்கு ஒரு வரன் வந்தது. பிள்ளை வீட்டார் சாதகம் கேட்டனர். அனுப்பிவிட்டால் என்ன என்று என் மனைவி தயங்கினாள். நானும் ஒரு கணம் தயங்கினேன் என்பதை மறைக்க மாட்டேன். அக்கா பேசவில்லை. எழுந்து சென்று, சுருளில் வந்து பிரிக்கப்படாமலிருந்த அந்தப் படத்தை எடுத்துவந்தாள். "தம்பி, இதற்குச் சட்டம் போட்டு மாட்டு. பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் இதைப் பார்க்கட்டும்" என்றாள்.

மாட்டினேன். சாதகம் இல்லையென்று எழுதியும் அனுப்பினேன். மறுமொழி இன்னும் வரவில்லை. வராவிட்டாலும் கவலையில்லை என்கிறாள் மகள்.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அடித்திருக்க வேண்டிய ஆணி அது. உங்கள் வீட்டுச் சுவரில் அதை அடிக்க, நீங்கள் அத்தனை காலம் காத்திராதீர்கள்.