ஆட்சேபணைக்கு உரியவர்கள்

திணையைப் பற்றி நம் பத்திரிகைகளில் நடந்திருக்கும் விவாதங்களில் பட்டா, புறம்போக்கு என்ற சொற்கள் வந்ததாக எனக்கு நினைவில்லை. நிலம் நமக்கு ஒரு கவிதையியல் சௌகரியம். அதை நிர்வகிப்பது யார் என்பது தாசில்தார் சமாசாரம். ஒரகடத்தில் ஒரு வங்கிக் கிளையில் உட்கார்ந்திருப்பவனுக்கு இந்தச் சொற்களிலிருந்து தப்ப வழியில்லை.

இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் ஓடத் தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் வந்த நோக்கியா 2014இல் மூடப்பட்டது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிஸான் வந்தது. நிலம் கொடுத்தவர்களின் பணம் டெபாசிட்டாக எங்களிடம் வந்து, முதிர்ந்து, புதுப்பிக்கப்படுகிறது. அந்த ரசீதுகளில் ஓர் இருளர் பெயரைக்கூட நான் பார்த்ததில்லை. இருளர்கள் கிளைக்கு வராமலில்லை. முதியோர் பென்ஷன் எடுக்க வருகிறார்கள். விலாசம் கேட்டால் ஏரிக்கரை என்கிறார்கள். தொழில் என்ற கட்டத்தில் நாங்கள் கூலி என்று எழுதுகிறோம்.

வளை வாயில் மண்ணின் வழவழப்பைப் பார்த்து உள்ளே இருப்பது எலியா பாம்பா என்று சொல்லிவிடக் கூடியவர்களைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது. ஒரு காலத்தில் தோல் வியாபாரிகளுக்குப் பாம்பு பிடித்துக் கொடுத்துப் பிழைத்தார்கள். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பின்னால் தோல் ஏற்றுமதித் தடையும் வந்து அந்தப் பிழைப்பை முடித்தன. ராமுலஸ் விட்டேக்கரின் முயற்சியில் 1978இல் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் இந்த நான்கையும் பிடித்து, மண்பானையில் சில வாரம் வைத்து, விஷம் எடுத்து, அடிச்செதிளில் அடையாளம் செய்து திரும்பக் காட்டில் விடுகிறார்கள். இந்தியாவின் விஷமுறிவு மருந்து பெருமளவு இவர்களை நம்பியிருக்கிறது. உறுப்பினர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017இல் மலைப்பாம்பு பிடிக்க ஃப்ளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள்; 2023இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். வனவிலங்கு நிர்வாகம் என்று வேறு எதைச் சொல்வது? ஆனால் எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதை அரசாணை சொல்லும். அறிவு இவர்களுடையது, அனுமதி அரசாங்கத்துடையது.

இது இயற்கையான ஏற்பாடு என்று நினைக்க வேண்டியதில்லை. கனடாவின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள தீவுகளில் ஹைடா மக்கள் 1985இல் க்வாய் ஹானாஸ் பகுதியைத் தங்கள் பாரம்பரிய பூமி என்று தாங்களே அறிவித்து, மரம் வெட்ட வந்தவர்களை வழிமறித்துக் கைதானார்கள். 1993இல் கனடா அரசு அவர்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. நிலம் யாருடையது என்பதில் இரு தரப்பும் உடன்படவில்லை. உடன்படாததையே ஒப்பந்தத்தில் பக்கம் பக்கமாக எழுதிவைத்துவிட்டு, சம எண்ணிக்கையில் உட்கார்ந்து நிர்வாகம் செய்கிறார்கள். அங்கே ஒரு பழைய கிராமம் 1981லேயே உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அதன் செதுக்கு மரத்தூண்கள் மண்ணோடு மண்ணாகட்டும் என்று விடப்பட்டிருக்கின்றன. எதைக் காப்பது, எதை மட்கவிடுவது என்பதில் அவர்கள் சொல்லுக்கு இடமிருக்கிறது.

இங்கேயும் மட்கவிடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். மாசி மகத்துக்கு இருளர்கள் மாமல்லபுரம் கடற்கரையில் கூடுகிறார்கள். கன்னியம்மாவுக்கு மணலில் கோயில் கட்டிக் கும்பிடுகிறார்கள். கல்யாணம் பேசுகிறார்கள், வழக்குத் தீர்க்கிறார்கள். அலை வந்து கோயிலைக் கொண்டுபோகிறது. அருகிலிருக்கும் பல்லவர் கல் 1984இல் உலகப் பாரம்பரியமாயிற்று. இந்த மணல் எந்தப் பட்டியலிலும் இல்லை. மணல் பட்டியலுக்காகக் கட்டப்பட்டதுமல்ல. என்னை உறுத்துவது வேறு: ஓர் இனம் கூடிப் பேசித் தீர்மானிக்கும் அந்த இரவுக்குக் கடற்கரையைத் தாண்டிச் செல்லுபடி இல்லை.

சட்டம் பார்த்தால், ஆறாவது அட்டவணையின் சுயாட்சி மாவட்டக் கவுன்சில்கள் வடகிழக்கோடு சரி. ஐந்தாவது அட்டவணைப் பகுதி எதுவும் தமிழ்நாட்டில் இல்லை. ஆகவே 1996ஆம் ஆண்டுப் பஞ்சாயத்து விரிவாக்கச் சட்டத்துக்கும் இங்கே வேலையில்லை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் காட்டை நிர்வகிக்கும் உரிமையை ஊருக்குத் தருகிறது. ஏரிப் புறம்போக்கு காடல்ல.

நிலத்தை அறிந்திருப்பது ஒன்று, அதன் விஷயத்தில் வேண்டாம் என்று சொல்ல முடிவது வேறொன்று. முதலாவதை நாம் மெச்சத் தயார். பத்மஸ்ரீயும் தருவோம், நல்ல கவிதையும் எழுதுவோம். இரண்டாவதைத் தராத மெச்சல் எனக்கு உரிமத்தின் இன்னொரு நகலாகத்தான் படுகிறது.

தமிழ்நாட்டில் தொழிலுக்கு நிலம் எடுக்க 1997ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதன்படி சொந்தக்காரருக்கும் பாத்தியதை உள்ளவருக்கும் நோட்டீஸ் போகும். அவர்கள் ஆட்சேபணை சொல்லலாம். ஒரு வளையின் வாயைப் பார்த்து உள்ளே யார் இருக்கிறார்கள் என்று சொல்லத் தெரிவது பாத்தியதையில் சேராது.