முகப்பை மறைத்த முகம்

சில ஆண்டுகளுக்கு முன் நாம் சொந்தச் செலவில் ஒரு நூல் வெளியிட்டோம். இறப்பு நேர்ந்த இல்லங்களுக்குச் சென்றுவந்த 20 ஆண்டுகளின் அனுபவமே அதன் பொருள். துணையை இழந்தோர்க்கும் பிள்ளையைப் பறிகொடுத்தோர்க்கும் ஆறுதலாகட்டும் என்று எழுதினோம். உரையை ஆறு முறை திருத்தினோம். அட்டைக்கோ ஒரு மாலைப் பொழுதைத்தான் ஒதுக்கினோம்.

கணினியில் தேர்ந்த பங்கு இளைஞர் ஒருவர் அட்டையை வடிவமைத்தார். அருகமர்ந்து கட்டளையிட்டவர் நாமே. ஆலயக் கோபுரம் வேண்டும் என்றோம். புறாவும் மெழுகுதிரியும் வேண்டும் என்றோம். தலைப்பு நான்கு நிறங்களில் மின்ன வேண்டும் என்றோம். இறுதியாக, அங்கியணிந்த நமது படத்தையும் நடுவில் வைக்கச் சொன்னோம். “இவ்வளவும் இருந்தால் பார்ப்பவர் கண் எங்கே நிற்கும், சாமி?” என்று அவர் தயங்கினார். “எல்லாவற்றிலும் நிற்கட்டும்” என்றோம்.

அச்சாகி வந்த 500 படிகளைக் கண்டதும் நெஞ்சம் சுருங்கியது. திரையில் ஒளிர்ந்த நீலம் தாளில் மங்கிக் கிடந்தது. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, தாளோ நான்கு மைகளால் காட்டுகிறது என்பதைப் பின்னரே அறிந்தோம். கைப்பேசி வழியே வந்த கோபுரப் படம் கலங்கியிருந்தது. அங்குலத்திற்கு ஏறத்தாழ 300 புள்ளிகள் இருந்தால்தான் படம் அச்சில் தெளிவுபெறுமாம். மெல்லிய எழுத்திலமைந்த தலைப்போ கோபுர வேலைப்பாடுகளுக்குள் மறைந்துபோயிற்று. நூலின் முதுகில் பெயரே இல்லை. அடுக்கில் நிறுத்தினால் ஊமையாக நின்றது.

ஆயினும் இவை சிறு பிழைகளே. பெரும்பிழை திருவிழா நாளில் புலப்பட்டது. கணவரை இழந்து ஓராண்டு நிறையாத தாய் ஒருவர் நூற்கடைக்கு வந்தார். அவரைப் போன்றோரை மனத்திற்கொண்டே பல பக்கங்களை எழுதியிருந்தோம். நூலைக் கையிலெடுத்தவர், விழா மலர் என்றெண்ணி, “சாமிக்கு வெள்ளிவிழாவா? சொல்லவே இல்லையே!” என்று வாழ்த்திவிட்டு, இருந்த இடத்திலேயே அதை வைத்துச் சென்றார். விளக்கம் சொல்ல நமக்கு நாவெழவில்லை.

1935-இல் இங்கிலாந்தில் ஆலன் லேன் தொடங்கிய பென்குயின் மலிவுப் பதிப்புகளை அன்றிரவு எண்ணிப் பார்த்தோம். மூன்று பட்டைகள், தலைப்பு, ஆசிரியர் பெயர், அடியில் ஒரு சிறு பறவை, அவ்வளவே அட்டை. புதினத்திற்கு ஆரஞ்சு, துப்பறியும் கதைக்குப் பச்சை, வாழ்க்கை வரலாற்றுக்கு நீலம். எவ்வகை நூல் என்பதை வாசகர் எட்ட நின்றே அறிந்துகொண்டார். “இது உங்களுக்கானது” என்று உரியவரிடம் சொல்வதே அட்டையின் பணி. நமது அட்டையோ “இது என்னைப் பற்றியது” என்று ஊருக்கெல்லாம் சொன்னது. தம் பணத்தில் நூல் வெளியிடுவோர்க்கு மறுத்துரைக்கும் பதிப்பாசிரியர் இல்லை. தயங்கிய ஒரே குரலையும் நாம் அடக்கிவிட்டோம்.

விற்காத படிகளுக்குப் புதிய மேலுறை செய்யும் பொறுப்பை அவ்விளைஞரிடமே ஒப்படைத்து விலகி நின்றோம். வெளிர்நிறப் பின்னணியில் ஆளில்லாத ஒரு நாற்காலி. மேலே பெரிய கறுப்பெழுத்தில் தலைப்பு. வேறொன்றும் இல்லை. அத்தாய் அதைக் கண்டு நெடுநேரம் நின்றார். “எங்கள் வீட்டில் அவர் அமரும் நாற்காலி போலவே இருக்கிறது, சாமி” என்று சொல்லி ஒரு படியை வாங்கிச் சென்றார்.

அவ்வுறையை நீக்கினால் உள்ளே நமது முகம் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கும். அது மறைந்திருப்பதே நூலுக்கும் நல்லது, நமக்கும் நல்லது.