பால் டின் அளவு

பள்ளி விடுமுறை தொடங்கியதும் ஆசிரியர் வீடுகளில் இன்னொரு வேலை தொடங்கிவிடும். பயிற்சி நூல்களும் தேர்வுத் தாள்களும் மேசையை விட்டு இறங்கிய பின்னர்தான் வீட்டில் என்னென்ன குவிந்து கிடக்கின்றன என்பது கண்ணில் படுகிறது. புந்தோங்கில் உள்ள எங்கள் வீட்டுச் சமையலறை சிறியது. மின்சோற்றுப் பானை, மிக்சி, கிரைண்டர், நுண்ணலை அடுப்பு, போதாக்குறைக்குக் கல்லூரியில் பயிலும் மகள் பகுதிநேர வேலைச் சம்பளத்தில் வாங்கி வந்த ஏர் ஃபிரையர் என அனைத்தும் அங்கே இடம் கேட்கின்றன. சுவரில் மின்செருகுவாய் இரண்டே இரண்டுதான். ஒன்றைக் குளிர்பதனப் பெட்டி பிடித்துக்கொள்ள, மற்ற கருவிகள் எஞ்சிய ஒன்றுக்கு வரிசையில் நிற்கும்.

இம்முறை துப்புரவுப் பொறுப்பை மகளே ஏற்றாள். ஈராண்டு தொடாத பொருள் வீட்டில் இருக்கக்கூடாது என்பது அவள் வகுத்த சட்டம். நல்ல சட்டந்தான். பிடி உடைந்த வாணலி, மூடி தொலைந்த நெகிழிக் கலங்கள், என்றோ பரிசாகக் கிடைத்த பழச்சாறு பிழியும் கருவி ஆகியவை வெளியேறின. அந்தக் குவியலில் விளிம்பு துருவேறிய பழைய பால் டின் ஒன்றும் சேர்ந்தது. அம்மா அதை எடுத்துக் கழுவி, மீண்டும் மாவு வாளிக்குள் வைத்தார்.

"அதத் தூக்கிப் போட்டுட்டா நான் எதுல கண்ணு மாவு அளக்கிறது?" என்று மட்டும் கேட்டார்.

பெற்றோர்கள் பலருக்கு இந்த டின் நினைவிருக்கும். தோட்டப்புற வீடுகளில் காலியான பால் டின்னே அரிசிக்கும் பருப்புக்கும் அளவை. அம்மா சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் பல்லாண்டுகள் பால்மரம் வெட்டியவர். அவர் வாளியில் சுமந்து வந்த பாலை நாள்தோறும் கொட்டகையில் நிறுத்தார்கள். மெட்ரோலாக் என்னும் கருவியை அதில் மிதக்கவிட்டு, ரப்பரின் அடர்த்தியையும் கண்டறிந்தார்கள். கிராணி அதைப் பேரேட்டில் குறித்துக்கொண்டார். ஆனால், அதே கைகள் வீட்டில் பிசைந்த முறுக்கு மாவை யாரும் நிறுத்ததுமில்லை, எங்கும் குறித்ததுமில்லை. நான்கு டின் அரிசி மாவுக்கு ஒரு டின் வறுத்து அரைத்த உளுத்தம் மாவு என்பதே எங்கள் வீட்டுக் கணக்கு. டின் போனால் கணக்கும் போகும்.

மகளிடம் கேக் செய்வதற்காக வாங்கிய மின்னணுத் தராசு இருந்தது. அன்று மாலை டின்னை அதன்மேல் ஏற்றினோம். தலைதட்டிய அரிசி ஒரு டின் 285 கிராம் இருந்தது. அரிசி மாவில்தான் வியப்புக் காத்திருந்தது. மகள் தளர்வாக அள்ளி நிரப்பியபோது 180 கிராம். அம்மா அள்ளியபோது 230 கிராம். டின் ஒன்றுதான், மாவும் ஒன்றுதான். அம்மா நிரப்பும்போது டின்னை இரண்டு முறை மேசைமேல் தட்டுகிறார். மாவு இறுகி அமர்ந்துகொள்கிறது. நான்கு டின்னுக்கு 200 கிராம் வேறுபடுகிறது. "பாட்டி சொன்ன அளவில்தான் செய்தேன், முறுக்கு வரவில்லை" என்று பிள்ளைகள் குறைப்பட்டுக்கொள்வதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. பாட்டி அளவைச் சொன்னார், தட்டுவதைச் சொல்லவில்லை. அது கையின் பழக்கம். சொல்ல வேண்டிய ஒன்றென்று அவருக்கே தோன்றியிருக்காது.

அடுத்த சோதனை ஏர் ஃபிரையரில் முறுக்கு. மகள் ஆவலோடு பிழிந்து வைத்தாள். வெளியே வந்தது முறுக்கின் வடிவம் கொண்ட கட்டை. கொதிக்கும் எண்ணெய், மாவை எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் தழுவி, உள்ளிருக்கும் நீரை விரைந்து ஆவியாக்குகிறது. ஆவி வெளியேறிய துளைகளே முறுக்கின் மொறுமொறுப்பு. காற்று எவ்வளவு சூடானாலும் எண்ணெயளவு விரைவாக வெப்பத்தைக் கடத்தாது. மாவு மெல்லக் காய்ந்து இறுகிவிடுகிறது. ஆனால், அதே கருவியில் வறுத்த கச்சான் அருமையாக வந்தது. கடலைக்குள்ளேயே எண்ணெய் உண்டல்லவா? அப்பளத்தில் இலேசாக எண்ணெய் தடவி வைத்தாலும் பொரிகிறது. கருவி நல்லதா கெட்டதா என்பது கேள்வியன்று. எதற்கு நல்லது என்பதே கேள்வி.

சமையலறைக் கருவிகளுள் ஒன்று இத்தகைய வீட்டுச் சோதனையில் பிறந்ததுதான். ஜப்பானில் தொஷிபா நிறுவனம் 1955இல் தானியங்கி மின்சோற்றுப் பானையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை உருவாக்கியவர் யோஷிதாதா மினாமி. அவருக்காக வீட்டில் மீண்டும் மீண்டும் சோறு வடித்து, நீரின் அளவையும் வெப்பத்தையும் நேரத்தையும் சோதித்தவர் அவர்தம் துணைவியார் ஃபுமிகோ. அந்தப் பானையில் வெளிக்கலத்து நீர் ஆவியாகித் தீரும்வரை வெப்பம் 100 பாகையைத் தாண்டாது; தீர்ந்ததும் வெப்பம் உயர, விசை தானே அணையும். இன்று நாம் ஒரு விசையை அழுத்திவிட்டுப் பள்ளிக்கு ஓடுகிறோம் என்றால், ஓர் இல்லத்தரசியின் பொறுமையான குறிப்புகள் அதற்குள் இருக்கின்றன.

புந்தோங்கில் வாழும் நமக்கு இது இன்னும் நெருக்கமான செய்தி. இங்குள்ள கச்சாங் பூத்தே கம்பம் நாடறிந்தது. பாரதியார் பிறந்த எட்டயபுரத்திலிருந்து வந்த குடும்பங்கள் தொடங்கிய தொழில் அது. தலையில் பலகைத் தட்டைச் சுமந்து, தாள் சுருளில் கடலையும் முறுக்கும் விற்றவர்களின் கைப்பக்குவம் இன்று கடைகளாக வளர்ந்து நிற்கிறது. பெற்றோரிடம் பார்த்துப் பழகிய பிள்ளைகள் இருந்ததால் அது நிலைத்தது. பார்த்துப் பழக நேரமில்லாத வீடுகளில் எழுதியாவது வைக்க வேண்டாமா?

ஆசிரிய நண்பர்களுக்கும் பெற்றோர்க்கும் ஒரு பரிந்துரை. பொருண்மை, கொள்ளளவு என்று கணிதப் பாடத்தில் நாம் கற்பிப்பதை விடுமுறையில் பிள்ளைகள் அடுக்களையில் செய்து பார்க்கட்டும். பாட்டியின் அளவையை நிறுக்கட்டும். செய்முறையில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, விளைவைக் குறிக்கட்டும்; அறிவியல் பாடத்தின் மாறிகள் அங்கே தாமாகவே புரியும். எல்லாவற்றையும் பாட்டியின் சொற்களிலேயே தமிழில் எழுதட்டும். அடுப்பும் கொதிக்கும் எண்ணெயும் பெரியவர்கள் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எங்கள் வீட்டுக் குறிப்பேட்டில் இதுவரை ஆறு பலகாரங்கள் ஏறியுள்ளன. முறுக்குக்குரிய பக்கத்தில் மட்டும் ஒரு வரி நிரம்பவில்லை. தண்ணீர் எவ்வளவு என்று கேட்டால், "மாவு கேக்கிற அளவுக்கு" என்கிறார் அம்மா. அவருக்கு வயது 78. விரல்கள் நடுங்கத் தொடங்கிவிட்டன. அடுத்த முறை அவர் பிசையும்போது, நீர்க் குவளையைத் தராசின்மேல் வைத்துவிட்டு மகள் பக்கத்தில் நிற்கப் போகிறாள்.