ஈ வயித்துக்குள்ள ஒரு சிக்னல்!

'சிக்னல்'னு சொன்னா எங்க இ.சி.இ. பசங்களுக்கு டவர், ஆன்டெனா, அரியர் இந்த மூணும்தான் ஞாபகம் வரும். எனக்கு இப்போ நாலாவதா ஒண்ணு சேர்ந்திருக்கு. பழ ஈ!

அழுகின வாழைப்பழத்தைச் சுத்துமே, அதேதான். அதோட முட்டை அரை மில்லிமீட்டர் நீளம். சுமார் ஒரே நாளில் புழு ரெடி. அதுக்குள்ள குடல் உருவாகிற கதையைப் படிச்சா, அப்படியே நம்ம கம்யூனிகேஷன் பேப்பர்!

குடலுக்கு வெளியே தசை அடுக்கு. உள்ளே செரிமான அடுக்கு. நடுக்குடலில் ஒரு இடத்துல தசை செல்கள் 'டிபிபி'ங்கிற புரதத்தை அனுப்பும். அடுத்த இடத்துல இருக்கிற தசை செல்கள் 'விங்லெஸ்' புரதத்தை அனுப்பும். உள் அடுக்கு செல்கள் ரெண்டையும் ரிசீவ் பண்ணி, தான் யாரா மாறணும்னு முடிவெடுக்கும். விங்லெஸ் குறைவா வந்தா, அமிலம் சுரக்கும் காப்பர் செல். அளவு எகிறினா அது நடக்காது, வேற வகை செல். சிக்னல் ஒண்ணுதான், த்ரெஷோல்டு ரெண்டு!

இந்த விங்லெஸ் நம்ம நாட்டுக் கண்டுபிடிப்புங்க. 1973-ல் டெல்லியில ஆர்.பி.ஷர்மா, இறக்கை இல்லாத ஈக்களைப் பற்றி எழுதினார். 1987-ல், எலியின் மார்பகப் புற்றுநோயில் கிடைச்ச 'இன்ட்-1' ஜீனும் இதுவும் ஒண்ணுக்கொண்ணு சொந்தம்னு தெரிஞ்சது. ரெண்டு பேரையும் ஒட்டி 'வின்ட்'னு பேர் வெச்சாங்க.

நான் ஏன் இதையெல்லாம் படிச்சேன்? போன வருஷம் எங்க அப்பாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய்னு ரிப்போர்ட் வந்தது. நம்ம குடலின் உள்சுவர் சில நாளுக்கு ஒரு முறை புதுசாகிட்டே இருக்கும். அதுக்கு 'பெருகு'னு சொல்றது இதே வின்ட் சிக்னல். 'போதும்'னு பிரேக் போடுறது 'ஏ.பி.சி.' ஜீன். பெரும்பாலான பெருங்குடல் புற்றுநோய்களில் இந்த பிரேக் பழுதாகி இருக்கும். சிக்னல் ஆஃப் ஆகவே ஆகாது.

ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்த அப்பாகிட்ட இதை நோட்டுல படம் போட்டு விளக்கினேன். ரொம்ப நேரம் பார்த்துட்டு, "அப்போ நான் பண்ண பாவம் இல்லையாடா?"ன்னார். அதுவரைக்கும் அவர் மனசுல அதுதான் ஓடிட்டிருந்திருக்கு. "ஒரு பிரேக் ஃபெயிலியர்ப்பா, அவ்வளவுதான்"னேன். சிரிச்சார்.

மலத்தில் ரத்தம் வந்ததை, வெட்கப்பட்டு நாலு மாசம் வெளியே சொல்லாம இருந்தவர் அவர். உங்க வீட்டிலும் அப்படி ஒருத்தர் இருக்கலாம். கூச்சப்படாம கேளுங்க ஃப்ரெண்ட்ஸ். உடனே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.