ஓய்வு யாருக்கு? சின்னப் பிள்ளைகளோடு தீவுக்குப் போகிறவர்களுக்கு



பிப்ரவரியில் மகன் குடும்பத்தோடு மாலத்தீவு போய் வந்து நாலைந்து படம் போட்டிருந்தேன். அதிலிருந்து கேள்வி மேல் கேள்வி. "டீச்சர், கைப்பிள்ளையோட அங்க போகலாமா? எவ்வளவு ஆகும்? தண்ணியப் பார்த்தா பயமா இல்லையா?" என்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத என் கண் ஒத்துழைக்காது. அதனால் எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். என் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு இது பழகியிருக்கும்.

இதை எழுத வைத்தது ஒரு மாணவியின் செய்தி. இரண்டு குழந்தைகளுக்குத் தாய். போன வருடம் இதே மாதிரி ஒரு தீவுக்குப் போய் வந்தவள். "டீச்சர், வீட்ல செஞ்ச அத்தனை வேலையையும் அங்கயும் செஞ்சேன். மிக்ஸி மட்டும்தான் இல்ல" என்று எழுதியிருந்தாள். சிரிப்பு பொம்மை வேறு போட்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஆரம்பித்தது. பேரனுக்கு 5 வயது, பேத்திக்கு ஒன்றரை. மகன் ஐந்து நாளுக்கு ஒரு அட்டவணை போட்டுக்கொண்டு வந்தான். டால்பின் பார்க்க ஒரு நாள், மணல்திட்டுக்கு ஒரு நாள், பக்கத்துத் தீவுக்கு ஒரு நாள், மாலே நகரம் ஒரு நாள். பரீட்சை டைம்டேபிள் மாதிரி இருந்தது. நான் மருமகளிடம், "உனக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "ஒரே ஒரு நாள் காலைல, யாரும் எழுப்பாம தூங்கணும் அத்தை."

ஐந்து வருடமாகத் தொடர்ந்து தூங்காதவள் கேட்ட வரம் அது. ஒரு தாளை எடுத்து மேலே அதை எழுதினேன். கீழே மற்றதையெல்லாம் எழுதினோம். இந்த ஒரு வரிக்கு உதவாத எதையும் அடித்துவிட்டோம். டால்பின் மட்டும் பேரனுக்காகத் தப்பித்தது.

இனி ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் இடம். மாலத்தீவில் சுமார் 1,200 சிறு தீவுகள் இருக்கின்றன. சுமார் 200 தீவுகளில்தான் ஊர்கள். 'ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட்' என்பதுதான் அங்கே வழக்கம். 1972-ல் தொடங்கிய முதல் ரிசார்ட்டின் பெயர் குரும்பா. அவர்களுடைய திவேஹி மொழியில் அது இளநீரைக் குறிக்கும். நாம் குரும்பை என்கிறோமே, அதன் உறவுதான். தூத்துக்குடிக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நம் வீட்டு மாசிக்கருவாடு அந்தக் கடலிலிருந்து வந்ததுதான். நம் தோணியை அவர்களும் தோணி என்றே சொல்கிறார்கள்.

ஒரு தீவு, ஒரு ரிசார்ட் என்பதில் நன்மையும் உண்டு, சிரமமும் உண்டு. வண்டி, சாலை என்ற பயம் இல்லை. பிள்ளைகள் காலாற ஓடலாம். ஆனால் மறந்துபோன டயப்பரை வாங்கத் தெருமுனைக் கடைக்குப் போக முடியாது. இருக்கிற சின்னக் கடையில் விலை டாலரில் இருக்கும்.

இரண்டாவது, பயணம். இதைத்தான் பலர் கடைசியில் பார்க்கிறார்கள். மாலே விமான நிலையத்தில் இறங்கியதும் பயணம் முடிவதில்லை. அங்கிருந்து தீவுக்கு விரைவுப்படகு, அல்லது கடல்விமானம், அல்லது உள்நாட்டு விமானமும் படகும். கடல்விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும். சாயங்காலம் இறங்கினால் அன்றிரவு மாலே பக்கமே தங்க வேண்டியதுதான். அதில் பெட்டிக்கும் பொதுவாக 20 கிலோதான் கணக்கு. நாங்கள் விமான நிலையத்திலிருந்து விரைவுப்படகில் அரை மணி நேரத்தில் போகும் தீவாகத் தேர்ந்தெடுத்தோம். வானத்திலிருந்து பார்க்கும் அழகு போயிற்றே என்று மகனுக்கு வருத்தம். தூங்கி வழியும் பிள்ளையோடு மூன்று இடத்தில் ஏறி இறங்குவதை யோசித்துப் பார் என்றேன். படகில் பின்பக்கம் உட்காருங்கள். முன்பக்கம் தூக்கிப் போடும். ஏறுவதற்கு முன்பே குழந்தை அளவில் உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று கேளுங்கள்.

இந்தியர்களுக்கு அங்கே இறங்கியதும் விசா இலவசமாகத் தருகிறார்கள். பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் ஐமூகா என்ற இணையப் படிவத்தைக் கைக்குழந்தை உட்பட ஒவ்வொருவருக்கும் நிரப்ப வேண்டும். கைக்குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட் வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

மூன்றாவது, காலம். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை அங்கே வறண்ட காலம். மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிடும். நம் கோடை விடுமுறையும் அப்போதுதான். மே மாதத்தில் விலை குறையும். மழைக்கும் அலைக்கும் தயாராக இருக்க வேண்டும். அரையாண்டு விடுமுறையில் வானம் நன்றாக இருக்கும். விலை உச்சத்தில் இருக்கும். பிள்ளை பெரிய வகுப்புக்குப் போகும் முன்னால் பிப்ரவரி, மார்ச்சில் போய்விடுங்கள். இத்தனை வருடம் லீவு லெட்டரை முறைத்துப் பார்த்த டீச்சரா இப்படிச் சொல்வது என்று கேட்கக் கூடாது. யூ.கே.ஜி.யில் நாலு நாள் போனால் ஒன்றும் குடி முழுகிப்போகாது.

நான்காவது, பணம். விளம்பரத்தில் இருக்கும் விலை வேறு, கட்டும் விலை வேறு. ஓர் அறை ஓர் இரவுக்கு 300 டாலர் என்று வைத்துக்கொள்வோம். சேவைக் கட்டணம் 10 சதவீதம் சேர்த்தால் 330. அதன் மேல் சுற்றுலா ஜி.எஸ்.டி. 17 சதவீதம், 386 டாலர் ஆகிவிட்டது. பிறகு பசுமை வரி, ரிசார்ட்டில் தலைக்கு நாளுக்கு 12 டாலர். இரண்டு வயது நிறையாத குழந்தைக்கு இல்லை. அப்பா, அம்மா, 5 வயதுப் பிள்ளை என்றால் 36 டாலர். ஆக 422. படகுக் கட்டணம் இன்னும் சேரவில்லை. ஆகவே 'எல்லா வரியும், படகும், சாப்பாடும் சேர்த்து மொத்தம் எவ்வளவு' என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சாப்பாட்டை மூன்று வேளையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள். வேறு கடை இல்லாத தீவில், பிள்ளை தொடாமல் வைத்த தட்டுக்குத் தனியாகப் பணம் கொடுப்பது வயிற்றெரிச்சல்.

இவ்வளவு முடியாது என்பவர்களுக்கு, மாபுஷி மாதிரி மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் விடுதிகள் இருக்கின்றன. செலவு மிகவும் குறைவு. சிறிய விடுதிகளில் பசுமை வரியும் பாதிதான். கடையும் மருந்தகமும் பக்கத்திலேயே இருக்கும்.

ஐந்தாவதுதான் முக்கியம். தண்ணீர்.

படங்களில் எல்லாரும் பார்ப்பது கடல் மேல் கால் ஊன்றி நிற்கும் அறை. வாசற்படியில் இறங்கினால் கடல். தவழும், ஓடும் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு அது வேண்டவே வேண்டாம். பல ரிசார்ட்டுகளே சின்னப் பிள்ளைகளை அங்கே அனுமதிப்பதில்லை. சில இடங்களில் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள். கதவுத் தாழ்ப்பாளையே இரவெல்லாம் நினைத்துக்கொண்டு படுக்கிற தாய்க்கு எங்கிருந்து தூக்கம் வரும்? மணல் கரையில் இருக்கும் அறையை எடுங்கள். தனிக் குளம் இல்லாத அறையாக எடுங்கள்.

கரையிலும் எல்லாப் பக்கமும் ஒன்றல்ல. ஒன்பதாம் வகுப்பில் நான் பலகையில் வரைந்தது நினைவிருக்கிறதா? எரிமலைத் தீவு மெல்ல மெல்லக் கடலில் அமிழ, அதைச் சுற்றி வளர்ந்த பவளப்பாறை மட்டும் வளையமாக நிற்கும் என்று டார்வின் 1842-ல் எழுதியதை. அந்த வளையத்துக்கு உலக மொழிகளில் இருக்கும் 'அட்டோல்' என்ற சொல்லே மாலத்தீவிலிருந்து போனதுதான். அந்தப் பாடம் இப்போது உதவும். தீவின் ஒரு பக்கம் முழங்கால் ஆழத்தில் வெகுதூரம் மணல் இருக்கும். இன்னொரு பக்கம் பவளப்பாறையின் விளிம்பு கரைக்குப் பக்கத்திலேயே வந்து சட்டென்று ஆழமாகும், நீரோட்டமும் இருக்கும். முக்குளிக்க வருகிறவர்கள் அந்தப் பக்கத்தைக் கேட்பார்கள். நீங்கள் ஆழமில்லாத பக்கத்து அறையைக் கேளுங்கள்.

நீரில் மூழ்குவது, 1 முதல் 4 வயது வரையான குழந்தைகளின் உயிரைப் பறிக்கும் முக்கியக் காரணங்களில் ஒன்று. சினிமாவில் வருவது போலக் கையை ஆட்டிக் கூப்பிடமாட்டார்கள். சத்தமே இருக்காது. கையில் மாட்டும் காற்றுப் பை விளையாட்டுச் சாமான், பாதுகாப்பு அல்ல. பள்ளிச் சுற்றுலாவுக்கு எத்தனையோ முறை பிள்ளைகளை அழைத்துப் போனவள் நான். "எல்லாரும் பார்த்துக்கோங்க" என்று சொன்னால் ஒருவரும் பார்க்கமாட்டார்கள். பெயர் சொல்லி ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். அதனால் ஒரு சிவப்புத் தொப்பி வாங்கிக்கொண்டு போனேன். அது யார் தலையில் இருக்கிறதோ அவர்தான் காவல். கையில் போன் இருக்கக் கூடாது. பிள்ளை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அரை மணிக்கு ஒரு முறை தொப்பி கை மாறும். மாற்றும்போது "இனி நீ" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மகன் முதல் நாள் சிரித்தான். இரண்டாம் நாள் பேரனே, "அப்பா, தொப்பி உங்க தலைல இருக்கு, போன் எதுக்கு?" என்று கேட்டுவிட்டான்.

மருந்து: குழந்தைகள் மருத்துவரிடம் எழுதி வாங்கிய காய்ச்சல் மருந்தின் அளவு, ஓ.ஆர்.எஸ்., வெப்பமானி. தீவில் மருத்துவர் இருக்கிறாரா, இரவில் அவசரம் என்றால் மாலேவுக்கு எப்படிப் போவது என்று முன்பே கேளுங்கள். பயணக் காப்பீடு கட்டாயம். பவளத் துண்டுகள் காலைக் கிழிக்கும், ரப்பர் செருப்பு வேண்டும். முழுக்கை நீச்சல் உடை போட்டால் பாதி வெயில் குறையும். சத்துமாவும் அவலும் கொஞ்சம் கொண்டுபோனோம். தயிர்சாதம் கேட்டால் செய்து கொடுத்தார்கள். திரும்பும்போது பவளத் துண்டு எதையும் எடுத்து வராதீர்கள், சட்டப்படி குற்றம்.

இப்போது அந்தத் தாளின் முதல் வரிக்கு வருகிறேன்.

தீவுக்குப் போனால் மட்டும் தூக்கம் வந்துவிடாது. யார் எழுந்துகொள்வது என்று முடிவு செய்தால்தான் வரும். கிளம்பும் முன்பே நேரம் பிரித்தோம். காலை 6 முதல் 9 வரை நான். "ஆச்சி முழு நாளும் பார்த்துப்பாங்க" என்று யாரும் நினைக்கக் கூடாது என்று மகனிடம் தெளிவாகச் சொன்னேன். எனக்கும் அது விடுமுறைதான். 9 முதல் மதியம் வரை மகன். மதியத் தூக்கத்துக்குப் பிறகு மருமகள். இரவு எழுந்தால் மகன்.

முதல் இரண்டு நாள் மருமகளால் முடியவில்லை. ஆறு மணிக்கே எழுந்து வந்து நின்றாள். பேத்தி அழுதால் ஓடி வந்தாள். "நீ போய்ப் படும்மா" என்று அனுப்பிவைத்தேன். மகன் பாடும் திண்டாட்டம்தான். பேத்திக்கு எந்தக் கரண்டியில் ஊட்ட வேண்டும், எந்தப் பக்கம் சாய்த்தால் தூங்குவாள், பேரன் 'வயிறு வலிக்குது' என்றால் எப்போது நிஜம், எப்போது நடிப்பு. எதுவுமே அவனுக்குத் தெரியவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அவளிடம் கேட்கப் போனான். மூன்றாம் நாள் நான் குறுக்கே நின்றேன். "நீயே கண்டுபிடி. அவளுக்கு மட்டும் யாரு சொல்லிக் கொடுத்தா?" என்றேன். அரை மணி நேரம் பேத்தி வீறிட்டாள். பிறகு அவன் தோளிலேயே தூங்கினாள்.

அன்று மருமகள் எழுந்தது 9.40-க்கு. வந்தாள், இரண்டு தோசை சாப்பிட்டாள், யாரிடமும் எதுவும் பேசாமல் திரும்பிப் போய் மறுபடியும் படுத்துக்கொண்டாள். மதியம் வரை வரவில்லை. மகன் அவள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தான். "இவ்வளவு அசதியா இருந்திருக்காளாம்மா?" என்று மெதுவாகக் கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. அவனுக்கே தெரிந்துவிட்டது.

ஊர் திரும்பி இப்போது மாதங்கள் ஆகின்றன. கடலின் நிறத்தைப் பேரன் மறந்துவிட்டான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை மகன்தான் எழுந்துகொள்கிறான். சிவப்புத் தொப்பி சமையலறை ஆணியில் தொங்குகிறது. செலவு செய்த பணத்துக்கு எங்களுக்குக் கிடைத்தது அதுதான்.

மாலத்தீவுக்குத்தான் போக வேண்டும் என்று இல்லை. குற்றாலமோ, ராமேஸ்வரமோ, அம்மா வீடோ, எங்கே போனாலும் இந்தக் கணக்கு ஒன்றுதான்.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம், முக்கியமாகப் பையன்களுக்கு. டிக்கெட் பார்ப்பதற்கு முன்னால் வீட்டுக்காரியிடம் "உனக்கு என்ன வேணும்?" என்று கேளுங்கள். அவள் 'ஒண்ணுமில்ல' என்றால் விட்டுவிடாமல் இன்னொரு முறை கேளுங்கள். பதிலை ஒரு தாளில் மேலே எழுதி எனக்குப் படம் எடுத்து அனுப்புங்கள். நான் திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் புவியியல் டீச்சர்