டென்மார்க்கின் குளிரும் சிறுவெளிச்சமும்

டென்மார்க்கில் டிசம்பர் மாதத்துப் பகல் ஏறத்தாழ ஏழு மணித்தியாலமே. காலை எட்டரை மணி கழிந்த பின்னரே சூரியன் எழும். பிற்பகல் நான்கு மணிக்கு முன்னரே மறைந்துவிடும். இடைப்பட்ட பொழுதையும் பெரும்பாலும் சாம்பல்நிற முகில்களே மூடியிருக்கும். இந்த இருட்டினூடாக மனந்தளராது வாழ்வதற்கு அந்நாட்டவர் கைக்கொள்ளும் வழிக்கு 'ஹூகெ' என்று பெயர்.

தமிழில் இதற்கு நேரான ஒற்றைச் சொல்லைக் காண்பது அரிது. நெருங்கிய நாலு பேர் மங்கலான வெளிச்சத்தில் அவசரமின்றி அமர்ந்து, சூடாக ஏதேனும் அருந்தி அளவளாவும்போது உண்டாகும் மனநிறைவு என்று விளக்கலாம். 2016 ஆம் ஆண்டில் மைக் வைக்கிங் என்பவர் இதுபற்றி எழுதிய சிறு நூல் உலகெங்கும் விற்பனையாகியது. மறு ஆண்டே ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதியிலும் இச்சொல் இடம்பிடித்தது. கம்பளிக் காலுறை, போர்வை, வாசனை மெழுகுதிரி என்று வியாபாரமும் கூடவே வந்து சேர்ந்தது. ஆனால் கடையில் வாங்கக்கூடிய பொருளா இது?

யூட்லாந்துப் பகுதியில் என் ஒன்றுவிட்ட தம்பி வசிக்கின்றார். 1986 இல் அகதியாகச் சென்றவர். சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு குளிர்காலத்தில் அவர் வீட்டில் இரு வாரங்கள் தங்கியிருந்தேன். முகட்டு விளக்கை ஏற்றாமல், மூலைக்கொன்றாகச் சிறு விளக்குகளையும் மேசையில் மெழுகுதிரியையும் ஏற்றிவைப்பது அவருக்கும் பழக்கமாகிவிட்டது. தமது முதலாவது குளிர்காலத்தைப்பற்றி அவர் சொன்னது இது:

"அண்ணை, வேலை முடிஞ்சு நாலு மணி இருட்டுக்குள்ளை நடந்து வருவன். ஒவ்வொரு யன்னலிலும் மெழுகுதிரி எரியும். உள்ளுக்கை சனம் மேசையைச் சுத்தி இருந்து சிரிக்கும். அதைப் பார்க்கப் பார்க்கத்தான் எனக்குக் குளிர் கூடினது."

ஹூகெயின் மறுபக்கம் இது. உள்ளே இருப்பவனுக்கு அது கதகதப்பு. வெளியே நிற்பவனுக்கு அதுவே சுவர்.

அடுத்த ஆண்டு உடன் வேலைசெய்த டேனிஷ்காரர் ஒருவர் அவரைத் தம் வீட்டிற்கு அழைத்திருக்கிறார். எங்கள் குழிப்பணியாரத்தை ஒத்த ஒரு பலகாரமும், கறுவாவும் கராம்பும் இட்டுச் சூடாக்கிய வைனும் பரிமாறப்பட்டன. போரைப்பற்றி ஒருவரும் கேட்கவில்லை. "கடைசியிலை என்னையும் கோப்பை கழுவ விட்டினம், அண்ணை. அண்டைக்குத்தான் குளிர் குறைஞ்சது" என்றார்.

அச்சிறு சுடருக்கு டென்மார்க்கில் இன்னொரு நினைவும் உண்டு. ஜேர்மனிய ஆக்கிரமிப்புக் காலத்தில் வெளிச்சம் வெளியே தெரியாதவாறு யன்னல்களைத் திரையிட்டு மூடவேண்டியிருந்தது. 1945 மே 4 ஆம் திகதி மாலை விடுதலைச் செய்தி வானொலியில் வந்ததும் மக்கள் யன்னல்களில் மெழுகுதிரிகளை ஏற்றினர். ஆண்டுதோறும் அந்நாள் மாலையில் இன்றும் அவ்வழக்கம் தொடர்கிறது. 1990 இல் மின்சாரம் இல்லாதொழிந்த யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தல் விளக்கைச் சுற்றி இருந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். எங்களுடையது வேறு வழியின்றி ஏற்றிய விளக்கு. ஆயினும் அதைச் சுற்றியும் கதையும் சிரிப்பும் இருந்தன என்பதை மறுக்கமுடியாது.

ஒன்றை மட்டும் வேறுபடுத்திச் சொல்லவேண்டும். குளிர்காலத்தில் வரும் மனச்சோர்வு ஒரு நோயாகவும் இருக்கக்கூடும். 1984 இல் நோர்மன் ரோசந்தால் முதலானோர் அதனை மருத்துவ உலகில் விபரித்தனர். காலையில் ஏறத்தாழ அரைமணி நேரம் 10,000 லக்ஸ் ஒளிப்பெட்டியின் முன் அமர்வது அதற்குரிய சிகிச்சைகளில் ஒன்று. மெழுகுதிரி அவ்வேலையைச் செய்யாது. புலம்பெயர்ந்த எம்மவர் பலர் இதனை 'உடம்பு அலுப்பு' என்று சொல்லி மறைத்துவிடுகின்றனர். வாரக்கணக்கில் மனம் எழும்பாதிருந்தால் வைத்தியரிடம் செல்வதே முறை.

மற்றவர்களுக்கு ஹூகெ போதும். குளிர்நாடுகளில் வாழும் வாசகர்கள் இந்த மார்கழியில் புதிய போர்வை வாங்குவதற்கு முன்னர், அண்மையில் வந்து தனி அறையில் இருக்கும் ஒருவரைத் தேநீருக்கு அழைக்கலாம். அவர் கோப்பை கழுவ எழுந்தால் தடுக்கவேண்டாம்.