மூன்று ஊர், மூன்று கரண்ட்

முனிச்
அக்டோபர், ஞாயிறு காலை

அன்புள்ள நண்பனுக்கு,

மகள் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நேற்று இரவுதான் திரும்பினோம். ப்ராக், வியன்னா, புடாபெஸ்ட் என்று மூன்று ஊர், ஏழு நாள், எல்லாம் ரயிலில். போட்டோக்களை உன் தங்கச்சி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பாள். கோட்டை முன்னால் நாங்கள், பாலத்தின் மேல் நாங்கள், சர்ச் வாசலில் நாங்கள். அவற்றில் வராததை மட்டும் எழுதுகிறேன். முப்பத்தாறு வருஷம் பச்சைக் கொடி பிடித்தவனுக்கு, ஊர் பார்க்கப் போனாலும் கண் முதலில் தண்டவாளத்துக்குத்தான் போகும். உனக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

விசாவுக்குப் பட்ட பாடு உனக்குத் தெரியும். பேங்க் ஸ்டேட்மென்ட், பென்ஷன் ஆர்டர், 30,000 யூரோவுக்கு மருத்துவ இன்சூரன்ஸ் எல்லாம் சரியாக வைத்திருந்தேன். "கல்யாணச் சான்றிதழ்?" என்றாள் கவுன்டரில் இருந்த பெண். 1983ல் யாரப்பா பதிவு செய்தார்கள்? கல்யாணப் பத்திரிகையை நீட்டினேன். சிரித்தாள், வாங்கவில்லை. நாற்பது வருஷம் கழித்து சார்பதிவாளர் அலுவலகத்தில் நாங்கள் புது மாப்பிள்ளை, புதுப்பெண்ணாக நின்றதும், நீ சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "சாப்பாடு எங்கே?" என்று கேட்டதும் இங்கே வந்தும் மறக்கவில்லை.

ப்ராகில் எல்லோரும் பார்க்கச் சொல்வது சார்லஸ் பாலத்தையும், 1410ல் செய்த வானியல் கடிகாரத்தையும். பார்த்தோம். மணி அடிக்கும்போது மேலே இரண்டு ஜன்னல் திறந்து அப்போஸ்தலர் பொம்மைகள் வரிசையாக வந்து போகின்றன. நூற்றுக்கணக்கான பேர் போனைத் தூக்கிப் பிடித்து நிற்கிறார்கள். முடிந்ததும் "இவ்வளவுதானா?" என்ற முகத்தோடு கலைகிறார்கள். எனக்கு அந்த முகங்கள்தான் வேடிக்கை.

மெயின் ஸ்டேஷனில்தான் ஒன்றரை மணி நேரம் நின்றுவிட்டேன். டிக்கெட் கவுன்டர் இருக்கும் கீழ்த்தளம் 1970களில் கட்டியது, தாழ்ந்த கூரை. மாடி ஏறினால் 1909ல் முடித்த பழைய கூடம் இருக்கிறது. குவிமாடம், சிலைகள், வண்ணக் கண்ணாடி எல்லாம் உண்டு. பயணிகள்தான் அவ்வளவாக இல்லை. நம் எக்மோரில் மேலே ஒரு எக்மோரைக் கட்டி, அதை மறந்துபோன மாதிரி. பிளாட்பாரம் எண்ணை வண்டி கிளம்பக் கால் மணி இருக்கும்போதுதான் போடுகிறார்கள். அதுவரை பெட்டியும் கையுமாக மொத்தக் கூட்டமும் பலகையையே அண்ணாந்து பார்க்கிறது. எண் விழுந்ததும் ஒரே ஓட்டம். ஒழுங்குக்குப் பேர்போன தேசங்கள் என்று நினைத்திருந்தேன். நம் ஆட்களே தேவலாம், கோச் பொசிஷன் தெரிந்து முன்கூட்டியே போய் நிற்கிறார்கள்.

முதலாம் பிளாட்பாரத்தில் ஒரு வெண்கலச் சிலை. கண்ணாடி போட்ட ஒருவர், கையில் ஒரு குழந்தை, பக்கத்தில் ஒரு சிறுமி, ஒரு பெட்டி. நிக்கோலஸ் வின்டன் என்ற ஆங்கிலேயர். 1939ல் ஹிட்லரின் படை இந்த ஊருக்குள் வந்த சமயம், 669 குழந்தைகளை, பெரும்பாலும் யூதப் பிள்ளைகளை, இங்கிருந்து ரயிலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்தவர். பெற்றோருக்கு அனுமதி இல்லை, பிள்ளைகளுக்கு மட்டும். கடைசி வண்டி செப்டம்பர் 1ஆம் தேதி கிளம்ப வேண்டியது. சுமார் 250 குழந்தைகள். அன்றுதான் போர் தொடங்கியது. வண்டி கிளம்பவில்லை. அதே ஸ்டேஷனில் ஒரு பழைய ரயில் கதவின் நகலை நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறார்கள். அதன் கண்ணாடியில் ஒரு பக்கம் குழந்தைகளின் உள்ளங்கை, மறுபக்கம் பெரியவர்களின் உள்ளங்கை பதிந்திருக்கிறது. உன் தங்கச்சி அதன் மேல் தன் கையை வைத்துப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசவே இல்லை.

தமிழைப் பற்றி உலகுக்கு எடுத்துச் சொன்ன கமில் சுவலபிலும் இந்த ஊர்க்காரர்தான். 1968ல் சோவியத் டாங்கிகள் உள்ளே வந்தபின் ஊரை விட்டுப் போனார். நம் தமிழ் இலக்கியத்தைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய பெரிய புத்தகம் வெளிவந்தது ஹாலந்தில்.

வியன்னாவுக்கு நாலு மணி நேரம், சுமார் 400 கிலோமீட்டர். செக் ரயில்வேயின் நீல வண்டி. பிளாட்பாரத்துக்குப் போகக் கேட் கிடையாது. டிக்கெட் போனில் இருக்கிறது. டி.டி.இ. ஒரு தடவை வந்து பார்த்தார். சாப்பாட்டுப் பெட்டியில் நிஜமாகவே அடுப்பு வைத்துச் சமைக்கிறார்கள். நமக்கு அதிலிருந்து கிடைத்தது வெறும் வெந்நீர்தான், தயிர்சாதம் கையோடு கொண்டுபோயிருந்தோம்.

எல்லை எங்கே வருகிறது என்று பார்க்கவே ஜன்னலோரம் பிடித்து உட்கார்ந்தேன். அத்தனை தாள் கொடுத்து வாங்கிய விசாவை யாராவது ஒருவர் பார்க்க வேண்டாமா? ப்ர்னோ போயிற்று. ப்ர்னோ–வியன்னா பாதை 1839லேயே போட்டது, நம் ராயபுரம் ஸ்டேஷனுக்குப் பதினேழு வருஷம் மூத்தது. திறப்பு விழா அன்றே, திரும்பும் வழியில் ஒரு ஸ்டேஷனில் நின்ற வண்டியின் மேல் பின்னால் வந்த வண்டி மோதியதாம். சிக்னல் இல்லாத காலம். அந்த ஸ்டேஷன் மாஸ்டரை நினைத்துப் பாவமாக இருந்தது. அப்புறம் ப்ரெட்ஸ்லாவ் என்ற ஜங்ஷன். அது கழிந்து சில நிமிடத்தில் தலைக்கு மேலே ஏசி சத்தம் சட்டென்று நின்றது. வண்டி இழுவை இல்லாமல் உருண்டது. மறுபடி சத்தம் வந்தது. உனக்குப் புரிந்திருக்கும், நியூட்ரல் செக்ஷன், கம்பியில் கரண்ட் இல்லாத துண்டு. அதுதான் எல்லை! பாஸ்போர்ட் இல்லை, போலீஸ் இல்லை. மேலே கம்பியில்தான் தேசம் மாறியது.

ப்ராகிலிருந்து கிளம்பும்போது கம்பியில் 3,000 வோல்ட் டி.சி. வழியில் ப்ர்னோவுக்கு முன்பே அது 25,000 வோல்ட் ஏ.சி.யாக மாறிவிடுகிறது. ஆஸ்திரியாவுக்குள் 15,000 வோல்ட், அதுவும் 50 ஹெர்ட்ஸ் இல்லை, அதில் மூன்றில் ஒரு பங்கு. நூறு வருஷத்துக்கு முந்தைய மோட்டார்கள் 50 ஹெர்ட்ஸைத் தாங்காது என்று குறைத்து வைத்தது, இன்றுவரை மாற்றவில்லை. மூன்றையும் ஒரே எஞ்சின் சமாளிக்கிறது. பக்கத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த பையனிடம் இதையெல்லாம் சொல்லப் போனேன், உன் தங்கச்சி முழங்கையால் இடித்தாள்.

இதே எல்லையில் 1950களில் செக்கோஸ்லோவாக்கியா அரசு போட்ட வேலியிலும் கரண்ட் ஓடியது, சில ஆயிரம் வோல்ட். தாண்ட முயன்றவர்கள் அதில் கருகிச் செத்திருக்கிறார்கள். அறுபதுகளின் நடுவில்தான் கரண்டை எடுத்தார்கள். நாங்கள் அதே இடத்தை மோர்மிளகாய் கடித்துக்கொண்டு கடந்தோம்.

வியன்னாவில் அரண்மனைகள் அதிகம். இரண்டு பார்த்ததும் மூன்றாவது தெவிட்டிவிட்டது. ஓவியங்களில் ப்ரூகலின் 'பாபேல் கோபுரம்' மட்டும் மனதில் நிற்கிறது. அதில் பாரம் தூக்கும் எந்திரங்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு நின்றேன். காபிக் கடையில் வெள்ளித் தட்டில் காபியோடு ஒரு கிளாஸ் தண்ணீரும் வைக்கிறார்கள். காபி நம் டிகாக்‌ஷனுக்குப் பக்கத்தில் நிற்காது. ஆனால் அந்தத் தண்ணீர்! சும்மா குழாய்த் தண்ணீர்தான், ஆனால் மலைச் சுனை.

முன்பு இந்த ஊரில் கிணற்றுத் தண்ணீர் கெட்டு டைபாய்டும் காலராவும் வந்து ஜனங்கள் செத்திருக்கிறார்கள். எடுவார்ட் சூஸ் என்ற நிலவியல் பேராசிரியர் நகரசபைக்குத் தேர்வாகி, ஆல்ப்ஸ் அடிவாரச் சுனையிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டருக்குக் கால்வாய் போட்டால் ஒழிய விடிவில்லை என்று வாதாடி ஜெயித்தார். பம்பு கிடையாது, வாட்டம் பார்த்து வெட்டிய பாதையில் தண்ணீர் தானே இறங்கி வருகிறது. 1873ல் பேரரசர் பிரான்ஸ் ஜோசப் வந்து பெரிய நீரூற்று ஒன்றைத் திறந்துவைத்து விழா எடுத்தார். அந்த நீரூற்று இன்றும் ஊர் நடுவில் பீய்ச்சி அடிக்கிறது. நான் அங்கே பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சென்னையில் மெட்ரோ வாட்டர் லாரிக்குக் குடத்தோடு காத்து நின்ற 2019 கோடை ஞாபகம் வந்தது. இதே சூஸ்தான், இந்தியாவும் ஆப்பிரிக்காவும் ஒட்டியிருந்த ஆதிகாலக் கண்டத்துக்கு கோண்ட்வானாலாந்து என்று நம் மத்திய இந்தியப் பெயரை வைத்தவர். கோண்ட்வானா எக்ஸ்பிரஸ் என்றுதான் நமக்கு அந்தப் பெயர் தெரியும், இல்லையா?

புடாபெஸ்டுக்கு இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடுகிறது வண்டி. எல்லை ஸ்டேஷன் ஹெட்யெஷ்ஹாலோம். மறுபடி ஏசி நின்றது, வந்தது. இந்தத் தடவை கம்பியில் 25,000 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நம்ம கரண்ட்! சொந்த ஊருக்குள் நுழைந்த மாதிரி இருந்தது, சிரிக்காதே. ஊருக்கு வெளிச்சம் தரும் சாதாரணக் கரண்டிலேயே ரயிலை ஓட்டலாம், ரயிலுக்கென்று தனிப் பவர் ஸ்டேஷன் வேண்டாம் என்று பிடிவாதமாக நின்று செய்து காட்டியவர் கண்டோ கால்மான் என்ற ஹங்கேரிக்காரர். அவர் முறையில் முதலில் ஓடிய பெரிய தடமே நான் போன இந்தப் பாதைதான். 1932ல் பாதி வழி, 1934ல் இந்த எல்லை வரை. அவர் 1931லேயே இறந்துவிட்டார், பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. அவர் இறந்த அதே வருஷம்தான் நம் பீச்–தாம்பரம் லைனில் டி.சி. கரண்டில் வண்டி விட்டார்கள். இன்று விழுப்புரத்தில் நம் தலைக்கு மேல் ஓடுவது கண்டோவின் எண்ணம்.

கண்டோ என்பது குடும்பப் பெயர், கால்மான் என்பதுதான் அவர் பெயர். இவர்களும் நம் இனிஷியல் மாதிரி குடும்பத்தை முன்னால் வைக்கிறார்கள். மொழியும் நம்மைப் போல ஒட்டு ஒட்டாகச் சேர்ப்பதுதான். 'ஹாஸ்' என்றால் வீடு, 'ஹாஸ்பன்' என்றால் வீட்டில். அப்பாவைக் கிட்டத்தட்ட 'அப்பா' என்றே சொல்கிறார்கள். உறவு என்று கிளம்பிவிடாதே, தற்செயல்தான்.

கெலெட்டி ஸ்டேஷன் 1884ல் திறந்தது. முகப்பில் சாமி சிலை இருக்க வேண்டிய இடத்தில் ஜேம்ஸ் வாட்டும் ஜார்ஜ் ஸ்டீபன்சனும் நிற்கிறார்கள். நான் கையெடுத்துக் கும்பிட்டேன், நிஜமாகத்தான். 2015 ஆகஸ்டில் இந்த ஸ்டேஷன் வாசலில்தான் சிரியாவிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் வந்த ஆயிரக்கணக்கானோர் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு படுத்துக் கிடந்தார்கள். வண்டியில் ஏற்றவில்லை. செப்டம்பர் 4ஆம் தேதி பொறுத்தது போதும் என்று குழந்தைகளோடு நெடுஞ்சாலையில் ஆஸ்திரியாவை நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். 1989ல் ஆஸ்திரிய எல்லை முள்வேலியை முதலில் அறுத்த தேசம் இது. அந்தத் தேசமே 2015ல் செர்பியா எல்லையில் புது வேலி போட்டது.

டான்யூப் கரையில் இரும்பில் வார்த்த 60 ஜோடிச் செருப்புகளை வரிசையாக வைத்திருக்கிறார்கள். 1944–45 குளிர்காலத்தில் யூதர்களைச் செருப்பைக் கழற்றச் சொல்லிச் சுட்டு ஆற்றில் தள்ளிய இடம். குழந்தைச் செருப்பும் இருக்கிறது. ஒன்றில் யாரோ மிட்டாய் போட்டுவைத்திருந்தார்கள். 1896ல் திறந்த பாதாள ரயிலைப் பற்றி நிறைய எழுத வைத்திருந்தேன், இதற்குப் பிறகு எழுதத் தோன்றவில்லை. நேரில் சொல்கிறேன்.

திரும்பும் வழியில் ஒரு எல்லை ஸ்டேஷனில் போலீஸார் இருவர் ஏறினார்கள். எங்கள் பெட்டியில் நாற்பது பேராவது இருந்திருப்போம். நேராக எங்களிடம் வந்தார்கள். விசாவைப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்கள். அடுத்து, நாலு வரிசை தள்ளி இருந்த கறுத்த பையன். இருபது வயது இருக்கும். அவனிடம் ஏதோ ஒரு தாள் இருந்தது, அது போதவில்லை போலிருக்கிறது. பையைத் தோளில் மாட்டி இறக்கிக் கூட்டிப் போனார்கள். மற்ற யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. பன்னிரண்டு நிமிடம் கழித்து வண்டி கிளம்பியது. அவன் விட்டுப்போன தண்ணீர் பாட்டில் முனிச் வரை ஸீட்டில் உருண்டுகொண்டே வந்தது.

அடுத்த வருஷம் நீயும் கிளம்ப வேண்டும் என்கிறாய். கிளம்பு. டிக்கெட், ஹோட்டல் எல்லாம் என் மகள் பார்த்துக்கொள்வாள். ஆனால் இந்த வாரமே சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் உன் கல்யாணத்தைப் பதிவு செய்ய மனுப் போட்டுவிடு. சாட்சிக் கையெழுத்துக்கு நான் 28ஆம் தேதி ஊருக்கு வந்துவிடுவேன்.

உன் அன்பு நண்பன்